நாலாம் இலக்கத் துவக்கு

இந்த உலகத்தில் மதிக்கத் தகுந்தவை என்று கோணாமலைக்கு ஐந்து பொருட்கள் இருந்தன. ஐந்தும் துவக்குகள். களஞ்சியத்தில் உண்மையில் ஆறு இருந்தன. ஆறாவதை அவன் கணக்கில் எடுப்பதில்லை. அந்தத் துவக்குகளைத் தோளில் வைத்துச் சுட வந்த மனிதர்களில் ஒருவரையாவது மதித்தானா என்றால், சத்தியமாக இல்லை. பதினொரு வருஷத்தில் நாற்பது பேருக்கு மேல் வந்து போய்விட்டார்கள். நாற்பது பேருக்கும் அவன் வைத்திருந்த பெயர் ஒன்றுதான்: பேயன்கள்.

கொட்டியாரக்குடா சுடுநர் கழகம் என்று பெயர்ப்பலகையில் பெரிதாக எழுதியிருக்கும். அதைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம். துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இரண்டு பூட்டுப் போட்ட ஒரு களஞ்சிய அறை, கன்னியாப் பக்கம் கைவிட்ட ஒரு கல்லுடைப்புக் குழி, இவ்வளவுதான் கழகம். ஒரு பூட்டின் திறப்பு களஞ்சியக்காரனான கோணாமலையிடம், மற்றது பொலிஸ்காரரிடம். அவர் வந்து நின்றால்தான் கதவு திறபடும். சனிக்கிழமை காலையில் துவக்குகளைக் குழிக்குக் கொண்டுபோய், ஒரு தொங்கலில் பாய் விரித்துப் படுத்து, மறு தொங்கலில் மண்மேட்டுக்கு முன்னால் நட்டிருக்கும் பலகையைச் சுடுவார்கள். இடையில் முந்நூறு மீற்றர். சுடுகிறவனின் கண்ணுக்கு அந்தப் பலகையின் கறுப்பு வட்டம் ஒரு மிளகளவுதான் தெரியும்.

அந்த மிளகில் படாமல் போனதற்குச் சொல்லப்பட்ட காரணங்களை எல்லாம் எழுதி வைத்திருந்தால் ஒரு கொப்பி நிறைந்திருக்கும். கழகத்தின் செயலாளர் அருளம்பலம் ஐயா ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவருக்கு எப்பொழுதும் காற்றுத்தான் குற்றவாளி. இலை அசையாத நாளிலும் குழிக்குள் மட்டும் ஒரு காற்று அவருக்கு எதிராகவே அடிக்கும். நாற்பது வருஷம் ஊர் நிலத்தை அளந்த மனுஷனுக்குத் தன்னுடைய சூடு எத்தனை அடி விலகிப் போனது என்பது மட்டும் அளவில் அகப்படாது. வங்கியில் வேலை செய்கிற ரிஷிகேசன் கொழும்பில் வாங்கிய தொப்பியும் கண்ணாடியும் கையுறையுமாக வந்து படுப்பான். குறி பிழைத்தால் ரவை சரியில்லை என்பான். இன்னொருவருக்கு வெயில், வேறொருவருக்குக் காலையில் மனைவியோடு சண்டை. கோணாமலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சுட்டு விழுந்த வெறுங்கோதுகளைப் பொறுக்கியபடி, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக ஒரே தீர்ப்பைச் சொல்லுவான்: துவக்கில் ஒன்றும் இல்லை, பிடிக்கிற கையில்தான் பிழை.

இவ்வளவும் பேசுகிறவன் ஆயுளில் ஒரு சூடாவது சுட்டிருக்கிறானா என்று கேட்டால், இல்லை. குப்புறப் படுத்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலை அசைப்பதெல்லாம் ஒரு வேலையா என்பது அவனுடைய கட்சி. ஒரு பொருளைப் பழுது படாமல் வைத்திருப்பதுதான் வேலை. அதற்குத்தான் மூளை வேண்டும்.

இந்த எண்ணம் அவனுக்குக் கடலில் வந்தது. சல்லிக் கிராமத்தில் பிறந்து, முப்பத்தொன்பது வயதுவரை தமையனோடு கடலுக்குப் போனவன் அவன். ஒருநாள் நடுக்கடலில் எஞ்சின் நின்றது. ஒரு சின்னக் கம்பிச் சுருள், கால்விரல் நகத்தின் அளவுகூட இல்லை, கறள் பிடித்து உடைந்திருந்தது. முதல்நாள் எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னதற்கு, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் படுத்தவர் தமையன். அந்த 'நாளைக்கு' என்ற சொல்லுக்கு வந்த விலை இரண்டு பகலும் இரண்டு இரவும். வெருகல் ஆறு கடலோடு சேருகிற இடத்தில், நாக்கு உலர்ந்து, தோல் உரிந்து கரை ஒதுங்கினார்கள். கோணாமலை அதன்பிறகு வள்ளத்தில் காலை வைக்கவில்லை. கறளை விட அவனுக்கு அருவருப்பான ஒன்று உண்டு என்றால் அது சோம்பேறி மனிதன்.

இரண்டு வருஷம் கழித்துக் கழகத்தில் களஞ்சிய வேலை கிடைத்தது. உப்புக்காற்று படுகிற எதையும் பொழுதுபடும் முன் துடைத்துவிட வேண்டும் என்ற சட்டத்தை அவன் அங்கே நிலைநாட்டினான். வீட்டில் சைக்கிள் கம்பி, கதவுப் பிணைச்சல், மின்விசிறித் தகடு எல்லாம் பளபளக்கும். மனைவி இரத்தினேஸ்வரி, தன்னை ஒருத்தியைத்தான் இந்த மனுஷன் இன்னும் எண்ணெய் போட்டுத் துடைக்கவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

துவக்கின் குழலைத் துடைக்கிறதற்கு ஒரு கயிறு உண்டு. ஒரு நுனியில் பித்தளைக் குண்டு, மறு நுனியில் சீலைத்துண்டு செருகுகிற கண்ணி. குண்டைப் பின்பக்கத்தால் போட்டால் குழல் வழியே ஓடி வாயால் வெளியே வரும். பிறகு கயிற்றைப் பிடித்து இழுத்தால், எண்ணெய்ச் சீலை குழல் முழுவதையும் துடைத்துக்கொண்டு வெளியேறும். கழகம் கொடுத்த கயிறு இரண்டாம் வருஷமே இற்றுப்போனது. புதியதற்கு அருளம்பலத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பானா கோணாமலை? சல்லிக் கடற்கரையில் தமையனின் வலையில் இருந்து பின்னல் நைலோன் கயிறு ஒரு பாகம் வெட்டிக்கொண்டு வந்தான். வெயிலுக்கும் இற்றுப்போகாது, மழைக்கும் இற்றுப்போகாது. பழசானால் அடுத்த துண்டு அதே வலையிலிருந்து. சுடுமுன் ஐந்து இழுவை, சுட்டபின் பத்து, புதன்கிழமை சும்மா இருந்தாலும் பத்து. களஞ்சிய வாசலில் ஒரு மரப்பெட்டியில் இருந்து, துவக்கை வாய் மேலே பார்க்க முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, வலது கையால் கீழ்நோக்கிச் சரக் சரக் என்று இழுக்கிற சத்தம் வீதிவரை கேட்கும்.

நாலாம் இலக்கத் துவக்கு அவனுடைய செல்லம். மரம் தேன் நிறம், இரும்பு கண்ணாடி. அதற்கு மட்டும் எல்லாக் கணக்கும் இரட்டிப்பு. ஆறாம் இலக்கம் வரும்போதே பிடி வெடித்து, செப்புக்கம்பியால் கட்டுப்போட்டுத்தான் வந்தது. அந்தச் சனியனுக்கு ஒரு இழுவை இழுத்துச் சுவரில் சாத்திவிடுவான். அதை எடுத்துச் சுடவும் யாருக்கும் மனம் வருவதில்லை.

நப்லா கழகத்தில் சேர்ந்தது மூன்று வருஷத்துக்கு முன். கிண்ணியாக்காரி, இருபத்தொன்பது வயது. பாலம் கடந்து ஸ்கூட்டரில் வருவாள். அவளுடைய வாப்பா மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற கடை வைத்திருந்தார். லேத் மெஷினும் அளவுக் கருவிகளும் அவள் பொறுப்பு. தேய்ந்த சிலிண்டரை அளந்து, எவ்வளவு கடைந்து எடுக்க வேண்டும் என்று சோக்கட்டியால் எழுதிவிடுவது அவள்தான். ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு இது என்ன கூத்து என்று கோணாமலை வாய்க்குள் முணுமுணுத்தான். முதல் சனிக்கிழமையே நாலாம் இலக்கத்தை அவள் கேட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தான். அந்தப் பிடிதான் அவள் தோளுக்கு அளவு.

சும்மா சொல்லக்கூடாது, அவள் சுட்டாள். முதல் வருஷம் பத்துச் சூட்டில் எட்டுச் சூடாவது கறுப்பு வட்டத்தின் நடுவில் கிடக்கும். அதற்கும் கோணாமலை துவக்கைத்தான் மெச்சினான். இரண்டாம் வருஷம் சூடுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவின. இந்த வருஷம் ஒரு சோற்றுக்கோப்பை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. நூறு மீற்றரில் சுட்டால் பெரிதாகத் தெரியாது. முந்நூறுக்குப் போனால் மானம் போகும். அவள் மூச்சை மாற்றிப் பார்த்தாள், படுக்கையை மாற்றிப் பார்த்தாள், ஒரு மாதம் தேநீர் குடிப்பதைக்கூட விட்டாள். கோணாமலைக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. மற்ற நாற்பது பேயன்களோடு இவளும் சேர்ந்தாள், அவ்வளவுதான்.

தேசியப் போட்டிக்குக் கழகத்திலிருந்து ஒருவர் போகலாம் என்று கடிதம் வந்தது அந்த நேரத்தில்தான். போனால் நப்லா, இல்லாவிட்டால் ரிஷிகேசன். மூன்றாவதாக ஒருவர் இல்லை. அந்தச் சனிக்கிழமை நப்லாவின் பத்துச் சூட்டில் இரண்டு பலகையிலேயே படவில்லை. அவள் எழும்பி வந்து, அருளம்பலம் ஐயாவுக்கு முன்னால், கையைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்லவில்லை. துவக்கின் குழலைப் பார்க்க வேண்டும் என்றாள்.

கோணாமலைக்கு மூக்கு நுனியில் கோபம் ஏறியது. பதினொரு வருஷத்தில் ஒரு பொட்டுக் கறள் காட்டட்டும், காதை அறுத்துக்கொள்கிறேன் என்றான். அதோடு விட்டானா? துவக்குகள் ஆறும் பழுதற்றவை என்று ஒரு கடதாசியில் எழுதுவித்து, கையெழுத்துப் போட்டுச் செயலாளரிடம் நீட்டினான். அந்தக் கடதாசி நின்றால், பிழை நப்லாவின் கையில். அவள் போக ஏலாது. கடதாசி பொய்யென்றால், கோணாமலை இவ்வளவு காலமும் நிமிர்த்தி வைத்திருந்த தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்கே தெரியாது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடித் தீர்மானிப்பதாக முடிவானது.

புதன்கிழமை களஞ்சியத்தைத் திறந்திருந்த நேரம் நப்லா வந்தாள். கைப்பையில் துணி சுற்றிய மூன்று பித்தளைக் குச்சிகள், சுண்டுவிரலை விட மெல்லியவை, தானே லேத்தில் கடைந்தவை. குழலின் உள்ளளவை அளந்து பார்க்கட்டுமா என்று பணிவாகக் கேட்டாள். பொலிஸ்காரரும் வேலையில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு பேருக்கு முன்னால் மூக்குடையட்டும் என்று கோணாமலை சம்மதித்தான். ஆனால் துவக்கைத் தன் கையைவிட்டுக் கொடுக்கவில்லை. குச்சியைத் தானே போடுவதாகச் சொன்னான்.

மெல்லிய குச்சி குழலின் வாய்க்குள் போக வேண்டும், நடுத்தரம் போகக்கூடாது, தடித்தது கனவிலும் போகக்கூடாது என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். நாலாம் இலக்கத்தில் மெல்லியது விழுந்து உள்ளே ஓடியது. நடுத்தரமும் போனது. தடித்ததும் ஒரு விரற்கடை உள்ளே இறங்கி, வலது பக்கம் கீழாகச் சரிந்து நின்றது. இடது பக்கம் குச்சிக்கும் இரும்புக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது.

நப்லா மெதுவாக விளங்கப்படுத்தினாள். குழலுக்குள்ளே திருகித் திருகி ஓடுகிற வரிகள் இருக்கின்றன. ரவையின் முனையிலிருந்து பறக்கிற சன்னம் துளையைவிட ஒரு மயிரளவு தடிப்பு. அது வரிகளுக்குள் நெருங்கி, சுழன்றுகொண்டு வெளியே வந்தால்தான் நேரே போகும். வெடிப்புகை கடைசி நொடிவரை அதன் பின்பக்கத்தைச் சுற்றிவரச் சமமாகத் தள்ள வேண்டும். வாய் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் புகை அந்தப் பக்கத்தால் முந்திக்கொண்டு பாய்ந்து சன்னத்தின் வாலைத் தட்டிவிடும்.

"எங்கட கடைக்கு வாற சிலிண்டர் மாதிரித்தான் அண்ணே," என்றாள். "உள்ளுக்க வட்டமா இருந்தது முட்டை மாதிரிப் போனா, என்னதான் புது பிஸ்டன் போட்டாலும் எஞ்சின் புகைதான் தள்ளும். இது ஒரு மில்லிமீற்றர்ல பத்தில ஒரு பங்குதான் தேஞ்சிருக்கு. முந்நூறு மீற்றர்ல அது ஒரு சாணாப் போயிரும்."

மற்றவற்றையும் அளந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து எல்லாவற்றிலும் நடுத்தரக் குச்சி கொஞ்சம் போனது, எல்லாம் வலப்பக்கக் கீழ்ச்சரிவு. ஆறில் மெல்லியது மட்டும் வழுக்கி இறங்கியது. நடுத்தரம் வாயிலேயே நின்றுவிட்டது. யாரோ அரத்தால் அராவினது போல இருக்கிறது என்றாள் நப்லா, தனக்குள் பேசுவது போல.

கோணாமலைக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. அவள் பாலத்தடிக்குப் போயிருக்க மாட்டாள், அவன் அருளம்பலம் ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டான். தன் துவக்குகளை யாரோ கெடுத்திருக்கிறார்கள், யாரோ அரம் வைத்திருக்கிறார்கள், கண்டுபிடித்துக் கையை முறிக்க வேண்டும் என்று கத்தினான். அளவையாளர் ஐயா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கழகத்தில் அரமும் லேத்தும் வைத்திருக்கிறது யார் என்று ஒரு கேள்வி கேட்டார். அதிகம் கெட்டுப்போனது யார் சுடுகிற துவக்கு என்று இன்னொரு கேள்வி. கோணாமலை யோசித்தான். யோசித்துவிட்டு, ஓம், அவள்தான் என்றான். தான் சுடுகிற கேவலத்தை மறைக்கத் துவக்கைக் கெடுத்து, பிறகு பித்தளைக் குச்சியோடு வந்து நாடகம் ஆடியிருக்கிறாள்! எவ்வளவு கெட்டித்தனம். அன்று அவன் நல்ல பசியோடு சாப்பிட்டான்.

வியாழக்கிழமை காலையில் தமையனுக்கு வள்ளம் இழுக்க ஒரு கை வேண்டும் என்று ஆள் வந்தது. சல்லிக் கடற்கரையில் தமையன் வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் இருந்த இரும்பு வளையத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். வலைக்கயிறு ஓடுகிற வளையம். விரல் தடிப்பு இருந்த இரும்பு ஒரு பக்கம் பாதியாக அரிபட்டு, உள்ளே வெள்ளி போல மினுங்கியது. கோணாமலை தன் வழக்கப்படி தமையனைத் திட்டத் தொடங்கினான். பராமரிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, சோம்பேறிக் குடும்பம். தமையன் தலையை நிமிர்த்தாமல், இது கறள் இல்லை, கயிறு என்றார். நைலோனுக்குள் கடல்மணல் ஏறி உட்கார்ந்தால் வாள் மாதிரி அறுக்கும், ஒன்றரை வருஷத்துக்கு ஒரு வளையம் மாற்றுகிறோம், உனக்குத் தெரியாதா?

தெரியாமலா? பத்து வயதிலிருந்து தெரியும். இந்தக் கரையில் கயிறு அறுத்த வளையத்தை, கயிறு அறுத்த பலகையை, கயிறு அறுத்த உள்ளங்கையைப் பார்க்காத பிள்ளை இல்லை. கோணாமலை கையில் பிடித்திருந்த வடத்தை விட்டுவிட்டான். வள்ளம் பின்னால் சரிந்து நாலு பேர் அவனைத் தூஷணத்தால் திட்டினார்கள். அது அவன் காதில் விழவில்லை.

இரண்டு நாள் அவன் தனக்குத்தானே வழக்காடினான். இது வேறு இரும்பு, அது வேறு இரும்பு. வளையத்தில் தினமும் ஓடுகிறது, துவக்கில் எத்தனை இழுவை? பிறகு கணக்குப் பார்த்தான். பதினொரு வருஷம், கிழமைக்கு இருபத்தைந்து, நாலாம் இலக்கத்துக்கு ஐம்பது. இருபத்தையாயிரத்துக்கு மேல் வந்தது. இரத்தினேஸ்வரி, என்ன, சாப்பாடு இறங்கவில்லையா என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தான்.

சனிக்கிழமை காலையில் பொலிஸ்காரர் பூட்டைத் திறந்ததும், நாலாம் இலக்கத்தை எடுத்துக்கொண்டு வந்து மரப்பெட்டியில் இருந்தான். முழங்கால்களுக்கு நடுவில் துவக்கு. பித்தளைக் குண்டைப் போட்டு, கயிற்றை எடுத்து, வழக்கம்போல வலது கையால் கீழ்நோக்கி இழுக்கிற பாவனையில் பிடித்தான். கயிறு குழலின் வாயில் வலது பக்கம் கீழே, தேய்ந்த இடத்தில், தனக்கென்று வெட்டிய வாய்க்காலில் படுப்பது போலப் படுத்துக்கொண்டது. இழுக்கத் தேவையில்லை. அரம் வைத்த கை எது என்று தெரிந்துவிட்டது. பேயன், என்றான் கோணாமலை. நாற்பது பேருக்குச் சொன்ன சொல்லை நாற்பத்தோராவது ஆளுக்குச் சொன்னபோதுதான் அதன் எரிவு விளங்கியது.

யாருக்கும் தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் தெரியப்போவதும் இல்லை. அந்தக் கயிற்றை அடுப்பில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். அன்று முழுவதும் அந்த நினைப்பும் அவனோடு கூடவே இருந்தது.

ஞாயிறு பத்து மணிக்குச் செயற்குழு களஞ்சிய வாசலில் கூடியது. ரிஷிகேசனோடு சேர்த்து ஐந்து பேர், பிளேன்ரீ, பற்றீஸ். துவக்குகளைப் பார்க்க வேண்டி வரலாம் என்று பொலிஸ்காரரும் வந்து பூட்டைத் திறந்திருந்தார். எல்லாரும் ஏற்கெனவே முடிவோடுதான் வந்திருந்தார்கள் என்பது அவர்கள் பற்றீஸைக் கடித்த நிதானத்திலேயே தெரிந்தது. அருளம்பலம் ஐயா தட்டச்சு செய்த ஒரு கடதாசியை வாசித்தார். கழகத்தின் துவக்குகளை வேண்டுமென்று சேதப்படுத்தியதாக நப்லா மீது பொலிஸில் முறைப்பாடு, அவளைக் கழகத்திலிருந்து நீக்கம், போட்டிக்கு ரிஷிகேசன். தட்டச்சில் எழுத்துப்பிழைகூட இல்லை. துவக்கு விஷயத்தில் பொலிஸில் பெயர் பதிந்தால் இந்த ஊரில் அது ஒரு ஆளின் தலைமுறைக்கும் போதும். கிண்ணியாவிலிருந்து வந்த அவளுடைய வாப்பா வீதியோரத்தில் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே வரச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. நப்லாவின் முகத்தில் ஈயாடவில்லை. நான் அளந்து பார்க்கத்தானே கேட்டேன் என்று ஒருதரம் சொன்னாள். பிறகு கோணாமலையைப் பார்த்தாள். அவன் அங்கே நின்றான், அவன் கையால்தானே குச்சி போட்டது, அவன் சொல்லட்டும் என்கிற பார்வை.

"ஐயா, அந்தக் கடதாசியில பேரை மாத்துங்கோ," என்றான் கோணாமலை. "துவக்கைக் கெடுத்தது நான்."

யாரும் நம்பவில்லை. அதுதான் கொடுமை. அருளம்பலம் ஐயா சிரித்தார். பிள்ளை மேல் இரக்கப்பட்டுப் பேசுகிறார் என்றார். இந்த மாவட்டத்திலேயே இவரைப் போலத் துவக்குப் பராமரிக்கிற ஆள் இல்லை என்று மற்றவர்களுக்குச் சான்றும் கொடுத்தார். கோணாமலை எந்தப் பேயன்களின் பாராட்டுக்காகப் பதினொரு வருஷம் ஏங்கினானோ, அந்தப் பாராட்டு அந்த நேரம் பார்த்து வந்து அவன் கழுத்தைப் பிடித்தது.

அவன் நாலாம் இலக்கத்தை எடுத்து வந்தான். அருளம்பலம் ஐயாவின் கையில் இருந்த கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, அவரையே மரப்பெட்டியில் இருத்தினான். துவக்கை அவர் முழங்கால்களுக்கு இடையில் நிறுத்தி, குழலின் வாயால் வந்த கயிற்றை அவர் கையில் கொடுத்து, இழுங்கோ என்றான். அவர் இழுத்தார். கயிறு போய் எங்கே படுத்தது என்று அவர் கண்ணாலேயே பார்த்தார். பிறகு கோணாமலை கயிற்றை வாங்கி, அருளம்பலம் ஐயாவின் வெள்ளைக் காற்சட்டை முழங்காலில் முறுக்கிப் பிழிந்தான். பொடி மணல் கோடாக விழுந்தது.

நப்லாதான் கேட்டாள், குற்றம் சொல்லும் குரலில் அல்ல, கடையில் ஒரு எஞ்சினைப் பற்றிக் கேட்பது போல.

"அப்ப ஆறாவது மட்டும் எப்படி அண்ணே தப்பினது?"

"அதை நான் கவனிக்கேல்ல, பிள்ளை," என்றான் கோணாமலை.

ரிஷிகேசன் களுக்கென்று சிரித்துவிட்டுக் கைலேஞ்சியால் வாயைப் பொத்தினான். தட்டச்சுக் கடதாசியை அருளம்பலம் ஐயா நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நப்லாவிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அந்தக் கனவான்கள் ஐவருக்கும் தோன்றவில்லை. வெளியில் நின்ற வாப்பாவிடம் போய்ச் சொன்னது கோணாமலைதான். என்ன சொன்னான் என்று யாருக்கும் கேட்கவில்லை; அந்த மனுஷன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடாமல் நின்றதை மட்டும் கண்டார்கள். வாய் நேராக இருப்பது ஆறாம் இலக்கம் ஒன்றுதான் என்பதால், வருகிற சனிக்கிழமை நப்லாவும் ரிஷிகேசனும் அதே துவக்கால் பத்துப் பத்துச் சூடு சுட வேண்டும், கூடுதலாகப் புள்ளி எடுத்தவர் போட்டிக்குப் போகலாம் என்று முடிவானது.

சனிக்கிழமை முதலில் ரிஷிகேசன் படுத்தான். தொப்பி, கண்ணாடி, கையுறை, எல்லாம் இருந்தது. எண்பத்தொரு புள்ளி. எழும்பி வந்து, கம்பிக் கட்டு கன்னத்தை உரசுகிறது என்றான். அடுத்த ஆள் சுடுமுன் குழலைத் துடைத்துக் கொடுப்பது கழக வழக்கம்; அந்த வழக்கத்தை உண்டாக்கியவனே கோணாமலைதான். துவக்கு அவன் கைக்கு வந்தது. குழியில் நின்ற அத்தனை பேரும் அவன் கையைப் பார்த்தார்கள். நப்லாவும் பார்த்தாள். கோணாமலை அதைப் புகை படிந்த, கரி ஒட்டிய குழலோடு அப்படியே அவளிடம் நீட்டினான். அழுக்குத் துவக்கு ஒன்றைத் தன் கையால் ஒருவருக்குக் கொடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல்தரம். அவனுக்கு உடம்பு கூசியது.

நப்லா தொண்ணூற்றுமூன்று. பலகையைக் கொண்டுவந்து காட்டியபோது, ஏழு ஓட்டைகளை ஒரு உள்ளங்கையால் மூடலாம் போல இருந்தது. அவள் அந்த ஓட்டைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திடீரென்று அழுதாள். இரண்டு வருஷம் தன் கைதான் பிழை என்று நினைத்து அந்தக் கையை வெறுத்ததற்கான அழுகை. கோணாமலை அதைப் பார்க்க ஏலாமல் வெறுங்கோது பொறுக்கப் போனான்.

துவக்குகளைக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டிய பிறகு, அருளம்பலம் ஐயா பெருந்தன்மையோடு அவன் தோளில் கையைப் போட்டார். நடந்தது நடந்துபோச்சு என்றார். நாலாம் இலக்கத்தின் வாயை ஒரு விரற்கடை வெட்டிச் சீராக்கலாமாம், நப்லாவே சொல்லியிருக்கிறாள், அதற்கு உரிய இடத்துக்கு எழுதலாம். துடைக்கச் சரியான கம்பி ஒன்று வாங்கலாம். கோணாமலை தொடர்ந்து இருக்க வேண்டும். இவ்வளவு கவனமான ஒரு ஆள் கழகத்துக்கு இனி எங்கே கிடைப்பான்?

கோணாமலை திறப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"கவனமான ஆள் வேண்டாம் ஐயா," என்றான். "ஒரு சோம்பேறியாப் பாத்துப் போடுங்கோ."